3 வருஷமாகியும் பூக்காத தொட்டி அன்னாசி, அடுத்து என்ன செய்வது?

பழத்தின் கொண்டையை நட்டு வளர்த்த அன்னாசிச் செடி 3 வருஷம் தாண்டியும் பூக்கவில்லை. 14 அங்குலத் தொட்டி, நாள் முழுக்க வெயில், தண்ணீர் தேங்குவதில்லை. இலைகள் 40க்கு மேல், நுனியில் மட்டுமே முள், அதனால் ஸ்மூத் கேயென் ரகமாக இருக்கலாம்.

கொண்டையிலிருந்து வளர்த்தால் 2, 3 வருஷம் ஆகும் என்று தெரிந்து பொறுமையாகத்தான் இருந்தேன். எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும் என்பதால் 3 மாதம் முன்பு செடியை நிழலுக்கு நகர்த்தி, பழுத்த ஆப்பிள் இரண்டை அடியில் வைத்து, பிளாஸ்டிக் உறையால் 5 நாள் மூடி வைத்தேன். அப்புறம் நைட்ரஜன் உரத்தையும் நிறுத்தினேன். நடுக்குருத்தில் சிவப்பு தெரிகிறதா என்று தினமும் எட்டிப் பார்க்கிறேன், புது இலைதான் வருகிறது. அழுகலோ பூச்சியோ இல்லை.

தொட்டிச் செடியில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இனி எத்திஃபான் (எத்திலீனை வெளியிடும் ரசாயனம்) கரைசலைக் குருத்தில் ஊற்றுவதா, ஆப்பிளையே இன்னொரு தடவை வைப்பதா?