240 கோட்டுப் படத்துக்கு மணிக்கு 30 ஜிபியா?

விசிஆர்_மாமா: "கல்யாண விஎச்எஸ் கேசட்டை எம்பி4 ஆக்கிவிட்டு, கேசட்டைத் தூக்கிப் போடுங்கள்" என்று பிக்சல்ராஜா நேற்று அருளியதைப் படித்தேன். எரிச்சலில் தூக்கமே வரவில்லை. முதல் பதிவு எஃப்எஃப்வி1 என்ற வீடியோ சுருக்க முறையில் இருக்க வேண்டும், எம்கேவி கோப்பாக. துளி இழப்பு கிடையாது. 2021-இல் ஆர்எஃப்சி 9043 என்று அதற்கு இணையத் தொழில்நுட்ப ஆவணமே வந்தாயிற்று. எம்பி4 பார்ப்பதற்கு, பத்திரப்படுத்த அல்ல.

பிக்சல்ராஜா: விஎச்எஸ்ஸில் இருப்பதே 240 கோடு. அதற்கு எஃப்எஃப்வி1-இல் மணிக்கு 30 ஜிபியா? கொட்டாங்குச்சித் தண்ணீருக்கு மேட்டூர் அணை கட்டுகிறார் மாமா.

விசிஆர்_மாமா: தம்பி, 240 என்பது அகலவாக்கில் எண்ணுவது. நம்ம ஊர் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் மேலிருந்து கீழே 576 வரி. நொடிக்கு 25 பிரேம், 50 ஃபீல்டு. ஒற்றைப்படை வரி ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை இன்னொன்று. நீங்கள் போட்ட கிளிப்பில் மாலை மாற்றும்போது மாப்பிள்ளையின் கை சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரிகிறதே, பார்த்தீர்களா? இரண்டு ஃபீல்டையும் ஒன்றாக நசுக்கிய லட்சணம் அது.

பிக்சல்ராஜா: ஆக 240 என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

விசிஆர்_மாமா: எங்கே ஒப்புக்கொண்டேன்? 576!

ஹேண்டிகேம்_செல்வன்: சண்டை எதற்கு? மினிடிவி (சின்ன டிஜிட்டல் கேசட்) காம்கார்டர் வழியாகக் கணினியில் ஏற்றினால் மணிக்கு 13 ஜிபி. நான் 60 கேசட்டை அப்படித்தான் முடித்தேன்.

விசிஆர்_மாமா: வந்துட்டார்யா. மினிடிவியின் டிவி (DV) பதிவு, பால் முறையில் 4:2:0. வரி விட்டு வரி நிறத்தை அறுத்துவிடும். அரக்குப் பட்டுப்புடவை சேறாகத் தெரிந்தால் பரவாயில்லை என்றால் செய்யுங்கள்.

ஹேண்டிகேம்_செல்வன்: புடவை கேசட்டிலேயே சேறுதான் மாமா. விஎச்எஸ்ஸில் நிறம் என்ன வாழ்ந்தது?

பிக்சல்ராஜா: அதையேதான் நானும் சொல்கிறேன். 240.

பூஞ்சை_பிடித்தவன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் கேசட் ரீலில் வெள்ளையாகப் பூஞ்சை. விசிஆர் டெக்கில் போடலாமா?

விசிஆர்_மாமா: போடாதே! டேப்பைப் படிக்கும் ஹெட் அடைக்கும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-லேயே விசிஆர் செய்வதை நிறுத்திவிட்டது. ஹெட் போனால் காயலான்கடையில்தான் தேட வேண்டும். கேசட்டைத் தூக்கிப் போடச் சொல்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும்?

பிக்சல்ராஜா: போன தீபாவளிக்கு உங்கள் ஹார்ட் டிஸ்க் படுத்தபோது எஃப்எஃப்வி1 காப்பாற்றியதா? இரண்டாவது பிரதி வைத்திருந்தீர்களா?

விசிஆர்_மாமா: அது மின்வெட்டில் போனது. இங்கே அந்தப் பேச்சு எதற்கு? கேசட் அலமாரியில் இருந்தது, திரும்ப ஏற்றினேன். தூக்கிப் போட்டிருந்தால்?

பிக்சல்ராஜா: 30 ஜிபி வீதம் 2 பிரதி எடுக்க முடியாமல்தானே ஒன்றோடு நிறுத்தினீர்கள்? எம்பி4 என்றால் பென்டிரைவில் அடங்கியிருக்கும்.

ஹேண்டிகேம்_செல்வன்: 13 ஜிபி என்றால் இரண்டு பிரதியும் வந்திருக்கும்.

விசிஆர்_மாமா: உங்களைக் கேட்டேனா? ராஜா, அந்த மாலை கிளிப்பை ஃபீல்டு ஃபீல்டாகப் பிரித்து ராத்திரி போடுகிறேன். 576 வரியையும் எண்ணிக்கொள்ளும்.

பிக்சல்ராஜா: போடுங்கள். 240 வரை எனக்கு எண்ணத் தெரியும்.

பூஞ்சை_பிடித்தவன்: பூஞ்சையை எதை வைத்துத் துடைப்பது?

விசிஆர்_மாமா: இரப்பா. முதலில் இவருக்கு ஃபீல்டு என்றால் என்னவென்று புரிய வைக்கிறேன்.