ஆறாவது ஒருத்தன், எட்டாவது ஒருத்தன்: நாலரை மணிப் பசி, ஷூ நாத்தம், டிசம்பர்ல எட்டாத பேன்ட்

மாடிவீடு கேட்டது:

வணக்கம். ரெண்டு பசங்க. சின்னவன் ஆறாவது, 11 வயசு, 34 கிலோ. பெரியவன் எட்டாவது, 13 வயசு, 46 கிலோ. வேன் காலைல 7:40, சாயந்திரம் 4:30க்குத் திரும்ப விடும். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். வீட்ல மாமியார் இருக்காங்க, ஆனா அவங்களால அடுப்புகிட்ட பத்து நிமிஷத்துக்கு மேல நிக்க முடியாது.

மூணு விஷயம் கேக்கணும்.

ஒண்ணு, ஸ்கூல் விட்டு வந்ததும் ரெண்டும் டப்பா டப்பாவா காலி பண்ணுதுங்க. பிஸ்கட், மிக்ஸர், நூடுல்ஸ். ராத்திரி தட்டுல சோறு அப்படியே இருக்கு. ரெண்டு, ஷூவும் சாக்ஸும் வாசல்ல கழட்டினா ஹால் வரைக்கும் நாத்தம். பெரியவனுக்கு விரல் இடுக்குல தோல் வெள்ளையா உரியுது. மூணு, ஜூன்ல தைச்ச யூனிஃபார்ம் பேன்ட் டிசம்பருக்குள்ள கணுக்காலுக்கு மேல ஏறிடுது. வருஷத்துக்கு ரெண்டு தடவை துணி எடுக்கக் கட்டுப்படியாகல.

ஹெல்த் டிரிங்க் பவுடர் கொடுத்தா பசி அடங்கும்னு சொல்றாங்க. உண்மையா?

உளுந்துவடை:

நாலரை மணிக்கு வர்றது நொறுக்குத்தீனிப் பசி இல்லைங்க, சாப்பாட்டுப் பசி. பன்னிரண்டரைக்குத் தின்ன டிபன் அதுக்குள்ள கரைஞ்சிருக்கும், நடுவுல பி.டி. பீரியட் வேற. பிஸ்கட் அரைமணி நேரம் தாங்கும், மறுபடி டப்பாவை உருட்டுவாங்க, எட்டரைக்குச் சோறு இறங்காது. அதனால வரிசையை மாத்துங்க. 4:45க்கு முழுச் சாப்பாடு. 8:15க்கு ரெண்டு இட்லியோ, பாலும் வாழைப்பழமுமோ போதும். ராத்திரி தட்டுல மிச்சம் வெச்சா திட்ட வேண்டியதில்லை.

அந்த 4:45 தட்டுல பயறோ முட்டையோ கண்டிப்பா இருக்கணும். ஐதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2020 அட்டவணைப்படி 10–12 வயசுப் பையனுக்கு ஒரு நாளைக்கு சுமார் 32 கிராம் புரதம், 13–15 வயசுக்கு 45 கிராம். உங்க பசங்க ரெண்டு பேருக்கும் நடுவுல 13 கிராம் வித்தியாசம். ஆனா பெரியவன் தட்டுல கூடுதலா விழறது ஒரு கரண்டி சோறு மட்டும்தான். ஒரு முட்டைல 6 கிராம், 200 மி.லி. பால்ல 6 கிராம், 50 கிராம் காய்ஞ்ச கொண்டைக்கடலைல 9–10 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலைல, அதாவது 30 கிராம்ல, 7 கிராம். பெரியவனுக்கு மட்டும் சுண்டலோட ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சேர்த்து வெச்சா அந்த வித்தியாசம் அங்கேயே அடைபட்டுடும்.

மாமியாருக்கு வேலை வைக்காம இருக்க: ஞாயிறு ராத்திரி 300 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை ஊறப்போடுங்க. திங்கள் காலைல உப்புப் போட்டு 6 விசில், அப்புறம் சிம்ல 10 நிமிஷம். தண்ணியைச் சுத்தமா வடிச்சு, ஆறினதும் மூணு டப்பாவாப் பிரிச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க. மூணு நாளுக்கு வரும். தினம் ஒரு டப்பாவை எடுத்து கடுகு, வரமிளகாய், கருவேப்பிலை தாளிச்சுக் கொட்டினா அஞ்சு நிமிஷம். எலுமிச்சை பிழிஞ்சா அதுல இருக்கிற இரும்புச்சத்தும் உடம்புல நல்லா ஒட்டும். கூடவே டீ கொடுத்தா அது கெட்டுப்போகும், டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைங்க. தேங்காயை அன்னன்னைக்கு மட்டும் போடுங்க. டிபன் பாக்ஸ்ல போற சுண்டல்ல போடவே வேண்டாம், வெயில் காலத்துல மதியத்துக்குள்ள நூல் விட்டுடும்.

மத்த ரெண்டு நாளுக்கு அடை. இட்லி அரிசி 2 கப், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, உளுந்து கால், பாசிப்பயறு கால், வரமிளகாய் 6, சோம்பு ஒரு ஸ்பூன். மூணு மணி நேரம் ஊறினாப் போதும், புளிக்க வேண்டாம். ரவை பதத்துல அரைங்க. நைஸா அரைச்சா கல்லுல ஒட்டும், ஆறினதும் வரட்டி மாதிரி ஆகிடும். மாவுல வெங்காயத்தைக் கலந்து ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, மறுநாள் திறந்தா ஒரு வாடை வரும். ஊத்தும்போது மேல தூவி அமுக்குங்க, நடுவுல ஒரு ஓட்டை போட்டு அதுல எண்ணெய் விடுங்க.

ஹெல்த் டிரிங்க்: டப்பாவைத் திருப்பி லேபிளைப் படிங்க. ரெண்டு ஸ்பூன் தூள்ல பெரும்பங்கு சர்க்கரையும் மாவும்தான். டம்ளர்ல இருக்கிற புரதம் பெரும்பாலும் பாலோடது. பால் குடிக்க வைக்க ஒரு ருசின்னு கொடுத்தா சரி, சாப்பாட்டுக்குப் பதில்னு கொடுத்தா தப்பு.

ஸ்கூல்ல பிப்ரவரி, ஆகஸ்ட்ல கொடுக்கிற குடற்புழு மாத்திரை, அல்பெண்டசோல் 400 மி.கி., ரெண்டு பேரும் போட்டாங்களான்னு கேட்டுக்கோங்க. அன்னைக்கு லீவு போட்டிருந்தா அது விட்டுப்போயிருக்கும்.

மாடிவீடு:

கடலை ஊறப்போட மறந்துட்டா? அது அடிக்கடி நடக்கும். இன்னொண்ணு, உப்புமாவும் சப்பாத்தியும் மதியம் ஈரமா நசநசன்னு இருக்குன்னு திருப்பிக் கொண்டு வர்றாங்க.

உளுந்துவடை:

மறந்த நாள்ல பாசிப்பயறு. ஊறவே வேண்டாம், கழுவி ஒண்ணரை மடங்கு தண்ணி வெச்சு 3 விசில். தோலோட பச்சை வேர்க்கடலையும் உப்புத் தண்ணில 4 விசில்ல வெந்துடும். கொண்டைக்கடலையே வேணும்னா கொதிக்கிற தண்ணில ஒரு மணி நேரம் மூடி வெச்சு 12 விசில் விடலாம். ஆனா தோல் தனியா கழண்டு நிக்கும், பசங்க ஒதுக்குவாங்க.

டிபன் விஷயம் மூடில இருக்கு. சூடா வெச்சு உடனே மூடினா ஆவி மூடில பட்டு முத்து முத்தா நிக்கும், வேன் குலுக்கல்ல அத்தனையும் உப்புமா மேல சொட்டும். பத்து நிமிஷம் திறந்து வைங்க, கை வெச்சா வெதுவெதுன்னு இருக்கும்போது மூடுங்க. சப்பாத்தியை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம, ஒவ்வொண்ணா ஒரு நிமிஷம் ஆறவிட்டு, பருத்தித் துணில சுத்தி வைங்க. தயிர்சாதம்னா சாதத்தைச் சூட்டோட குழைய மசிச்சு, ஆறினதும் ஒரு கப் பாலும் ரெண்டே ஸ்பூன் தயிரும். மதியத்துக்குச் சரியாத் தோய்ஞ்சு நிக்கும். காலைலயே முழுக்கத் தயிர் ஊத்தினா பன்னிரண்டு மணிக்குப் புளிச்சுடும்.

ஈரத்துண்டு:

ஷூவுக்கு வர்றேன். வேர்வைக்கு வாடை கிடையாது. அதைத் தின்கிற பாக்டீரியா விடுறதுதான் நாத்தம். அதுக்கு ஈரமும் கதகதப்பும் வேணும், பூட்டின ஷூ ரெண்டையும் கொடுக்குது. எட்டு மணி நேரம் போட்ட ஷூ உள்ள காய ஒரு முழு நாள் ஆகும். ஒரே ஜோடியைத் தினம் போட்டா அது காயறதே இல்லை. செண்ட் பவுடர் எல்லாம் இந்த ஈரத்துமேல வாசனை பூசுற வேலை.

வந்ததும் நாடாவை முழுசாத் தளர்த்தி, நாக்கை வெளிய இழுத்து, உள்அட்டையைத் தனியா எடுத்து நிமித்தி வைக்கணும். ஈரம் தங்குற இடமே அந்த அட்டைதான். உள்ள பழைய தினத்தாளைக் கசக்கித் திணிங்க, ஒரு மணி நேரத்துல எடுத்து வேற தாள் போடுங்க. மழைக் காலத்துல மூணு தடவை மாத்த வேண்டி வரும். ஃபேனுக்கு நேரா வைங்க. மொட்டைமாடி வெயில்ல நாள் பூரா போட்டா அடிப்பாகம் பசை விட்டு வாய் பிளக்கும். வெள்ளி ராத்திரி ஆளுக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா தூவி, திங்கள் காலைல தட்டிக் கொட்டிடுங்க. கொட்டாம மாட்டினா அது வேர்வைல கரைஞ்சு காலை எரிக்கும். கறுப்பு ஷூ, வெள்ளை கேன்வாஸ் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட ஸ்கூல் விட்டா, பாதி வேலை முடிஞ்சது.

சாக்ஸ் ஆளுக்கு ஆறு ஜோடி, பருத்தி கலந்தது. நைலான் உறிஞ்சாது. உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித் திருப்பித் துவைக்கணும், செத்த தோல் ஒட்டியிருக்கிறது உள்ளதான்.

பெரியவனுக்கு விரல் இடுக்குல உரியறது சேத்துப்புண் மாதிரித் தெரியுது. குளிச்சதும் விரலை விரிச்சு இடுக்கைத் தனியாத் துடைக்கச் சொல்லுங்க, பசங்க அதை மட்டும் செய்ய மாட்டாங்க. டாக்டர்கிட்ட காட்டிப் பூஞ்சைக் க்ரீம் எழுதி வாங்குங்க, அரிப்பு நின்னதும் நிறுத்தாம அவர் சொன்ன நாள் வரைக்கும் போடணும். இதே பூஞ்சை தொடை இடுக்குல வந்தா படர்தாமரை. பதிமூணு வயசுப் பையன் அதை வீட்ல சொல்ல மாட்டான், நடை அகட்டி நடந்தா நீங்களே கேளுங்க. மருந்துக்கடைல வாயால கேட்டு வாங்குற, ஸ்டீராய்டு கலந்த க்ரீம் மட்டும் வேண்டாம். ரெண்டு நாள்ல சிவப்பு அடங்கும், உள்ள பூஞ்சை பரவிக்கிட்டே இருக்கும், நிறுத்தினதும் ரெண்டு மடங்கா வரும்.

ரெண்டு பேரும் ஒரே துண்டுல துடைக்கிறாங்களான்னு இன்னைக்கே பாருங்க. வேற வேற கலர் துண்டு, வேற வேற கலர் ஜட்டி. பெயர் எழுதி ஒட்டினா எவனும் படிக்க மாட்டான், கலர்தான் வேலை செய்யும்.

ஊசிநூல்:

பேன்ட் கேள்விக்கு. இந்த வயதில் பையன் வளரும் வேகம் ஒரே சீராக இருக்காது. வருடத்துக்கு 5 செ.மீ. என்று போய்க்கொண்டிருப்பவன், வேகமெடுக்கும் வருடத்தில் 8–10 செ.மீ. ஏறுவான். அதில் ஏறக்குறைய பாதி காலில் ஏறும். ஆக பேன்ட் நீளத்துக்கு நாம் ஒதுக்க வேண்டியது 5 செ.மீ., அதாவது 2 இன்ச்.

டெய்லர் வழக்கமாக அடியில் ஒன்றரை இன்ச் மடிப்பார். 3 இன்ச் மடிப்பு கேளுங்கள். அதில் 1 இன்ச் கடைசிவரை மடிப்பாகவே நிற்க வேண்டும், மீதி 2 இன்ச் உங்கள் கையிருப்பு. இடுப்பிலும் பின்தையலில் ஒன்றரை இன்ச் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பின்பக்க நடு பெல்ட் லூப்பைப் பிரித்தால் அந்தத் தையலைத் திறந்துவிடலாம். துணி எடுக்கும்போதே 15 செ.மீ. கூடுதலாகக் கேட்டுவிடுங்கள், தைக்கக் கொடுத்த பிறகு கேட்டால் துணி இருக்காது.

மடிப்பு இறக்கும்போது வரும் தொல்லை பழைய கோடு. ஆறு மாதம் மடிந்திருந்த விளிம்பில் சாயம் தேய்ந்து வெள்ளைக் கோடு விழும். வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து நனைத்த துணியை மேலே போட்டு இஸ்திரி செய்தால் மடிப்புத் தடம் போகும், தேய்ந்த சாயம் திரும்பி வராது. அதனால் ஆறு மாதம் காத்திருக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை இன்ச் இறக்கிக்கொண்டே வாருங்கள். கை ஊசியால் மறைதையல் போட்டிருந்தால் பிரிப்பது ஐந்து நிமிட வேலை. மிஷின் தையலைப் பிரித்தால் ஊசித் துளை வரிசையாகத் தெரியும்.

சட்டை வேறு கணக்கு. தோள்பட்டையை எந்த டெய்லராலும் பிரித்து அகலப்படுத்த முடியாது. பேன்ட்டை அளவாகத் தைத்து மடிப்பில் இடம் விடுங்கள், சட்டையை ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள். மே கடைசியில் அளவு கொடுக்கும்போது ஸ்கூல் ஷூவை மாட்டிக்கொண்டு போகவேண்டும். வெறுங்காலில் எடுத்தால் அங்கேயே அரை இன்ச் போய்விடும்.

பெரியவன் பேன்ட் சின்னவனுக்குச் சரிவரும், ஷூ சரிவராது. ஒருத்தன் மிதித்த ஷூவில் அவன் பாதத்தின் பள்ளம் விழுந்திருக்கும். புது ஷூ வாங்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் போதும். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால் குதிகால் கழன்று கொப்பளம் வரும், விரல் மடங்கும் இடம் தப்பி அடிப்பாகம் நடுவில் உடையும். பாதம்தான் முதலில் வளரும். ஷூ இறுக ஆரம்பித்தால் பேன்ட் மடிப்பை இறக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழரைவேன்:

கேட்காத ஒண்ணு. ரெண்டு பையையும் ஒரு தடவை எடை மெஷின்ல வைங்க. மத்திய கல்வி அமைச்சகத்தோட 2020 பள்ளிப் பை கொள்கைல 6, 7ஆம் வகுப்புக்கு 2–3 கிலோ, 8ஆம் வகுப்புக்கு 2.5–4 கிலோன்னு போட்டிருக்கு, மொத்தத்துல உடம்பு எடைல பத்துல ஒரு பங்கு. உங்க சின்னவனுக்கு 3 கிலோதான். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலே ஒரு கிலோ. ஸ்கூல்ல நல்ல தண்ணி இருந்தா அரை லிட்டர் கொடுத்து நிரப்பிக்கச் சொல்லுங்க. பையை ராத்திரியே டைம்டேபிள் பார்த்து அடுக்கணும். காலைல அடுக்கினா எதுக்கும் இருக்கட்டும்னு எல்லா நோட்டும் உள்ள போகும்.

மாடிவீடு:

எல்லாருக்கும் நன்றி. எடை பார்த்தேன், சின்னவன் பை 5.2 கிலோ. அடில போன மாசத்துக் கிரிக்கெட் பந்து ரெண்டு, பழைய டெஸ்ட் பேப்பர், அழுகின வாழைப்பழம் ஒண்ணு. ஊசிநூல் சார், பெரியவன் பேன்ட்ல இப்போ ஒண்ணரை இன்ச் மடிப்புதான் இருக்கு. அதுலயே ஏதாவது பண்ண முடியுமா?

ஊசிநூல்:

முடியும். மடிப்பை முழுதாகப் பிரித்து, உள்பக்கம் அதே கலர் டெரிகாட் பட்டை 2 இன்ச் அகலத்தில் ஒட்டுத் தையல் போட்டு உள்ளே திருப்பச் சொல்லுங்கள். அசல் துணி ஒண்ணேகால் இன்ச் முழுதாக வெளியே வரும், தையலுக்குக் கால் இன்ச் போதும். சாயக் கோடு தெரிந்தால் அதன் மேலேயே ஒரு வரி மிஷின் தையல் ஓட்டச் சொல்லுங்கள், டிசைன் போல நிற்கும். இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் ஓட்டச் சொல்ல மறக்காதீர்கள்.