முதல் எபிசோடை ஓட்டிவிடாதீர்கள்: 'தி லெஜண்ட்' பார்த்த அனுபவம்

'தி லெஜண்ட்' பார்க்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் போதும், "முதல் எபிசோடை ஓட்டிவிட்டு இரண்டாவதிலிருந்து பாருங்க, தலையும் புரியாது காலும் புரியாது" என்று ஒரு அறிவுரை கட்டாயம் வரும். எனக்கும் வந்தது, நான் கேட்கவில்லை. 2007இல் வந்த இந்தக் கொரியத் தொடரின் 24 எபிசோடுகளில் எனக்கு அதிகம் பிடித்ததே அந்த முதல் எபிசோடுதான்.

கதை கொகுர்யோ என்ற பழைய கொரிய அரசின் குவாங்கேத்தோ மன்னனுடையது. 391இல் பட்டத்துக்கு வந்து நாற்பது வயதை எட்டுமுன்பே இறந்துபோனவர், அதற்குள் 64 கோட்டைகளையும் 1,400 கிராமங்களையும் பிடித்ததாக அவருடைய கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. அப்படிப்பட்டவர் கதை என்றால் குதிரைப்படையும் போர்க்களமுமாகத் தொடங்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே ஆயிரக்கணக்கான வருடங்கள் பின்னால் போய், ஹ்வானுங் என்ற தேவகுமாரன் வானத்திலிருந்து இறங்கி வருவதில் ஆரம்பிக்கிறார்கள். மன்னன் அந்த தேவகுமாரனின் மறுபிறவி என்பதால் இரண்டு வேடமும் பே யோங்-ஜுனுக்கே.

இது அவர்கள் ஊர் பழங்கதை, 13ஆம் நூற்றாண்டின் 'சம்குக் யூசா' என்ற நூலில் இருக்கிறது. ஒரு கரடியும் ஒரு புலியும் மனிதராக வேண்டும் என்று ஹ்வானுங்கிடம் வந்து நிற்கின்றன. அவர் மாசிபத்திரி மாதிரி ஒரு கசப்புச் செடியையும் 20 பூண்டையும் கொடுத்து, இதைத் தின்றுகொண்டு 100 நாள் வெயில் படாமல் இருங்கள் என்கிறார். கரடி பொறுமையாக இருந்து பெண்ணாகிவிடுகிறது, அவளுக்குப் பிறந்த பிள்ளைதான் முதல் கொரிய அரசை நிறுவிய டாங்குன். புலி? அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் கதையில் அது இல்லவே இல்லை.

தொடர் கையில் எடுத்தது அந்தப் புலியைத்தான். இங்கே அவை விலங்குகள் இல்லை, இரண்டு இனக்குழுக்கள். புலிக்குலத்தின் காஜின் நெருப்பை ஆள்கிறவள், ஊர்களை எரித்து எல்லோரையும் அடக்கி வைத்திருப்பவள். ஹ்வானுங் அவளுடைய நெருப்பைப் பிடுங்கி ஒரு சிவப்புக் கல்லில் அடைத்து, அதைக் கரடிக்குலத்துப் பெண் சேஓவிடம் கொடுத்துவிடுகிறார், மனசையும் அவளிடமே கொடுக்கிறார். காஜினுக்கும் அவர் மேல் ஆசை. சக்தியும் போச்சு, ஆளும் இல்லை. காஜினாக நடிக்கும் மூன் சோ-ரி இந்த இடத்தில் அதிகம் பேசுவதே இல்லை, அந்தக் கண்களைப் பார்த்தாலே நமக்குக் கொஞ்சம் மனசு அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அப்புறம் சேஓவின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாறை விளிம்பில் போய் நிற்பாள் பாருங்கள், அதோடு அந்தப் பரிதாபமும் போய்விடும். குழந்தை விழுந்ததைப் பார்த்த சேஓவின் கோபத்தில் கல்லுக்குள் இருந்த நெருப்பு கட்டுமீறிக் கறுப்புப் பறவையாகி உலகையே கொளுத்த, அதை நிறுத்த ஹ்வானுங் தன் மனைவி மீதே அம்பு விட வேண்டிய நிலை.

அம்பு விடும் அந்தக் கட்டத்துக்கு ஜப்பானிய இசையமைப்பாளர் ஜோ ஹிசைஷியின் இசை வேறு. கிராபிக்ஸ் இன்றைக்குப் பார்த்தால் பழசாகத்தான் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் காஜினும் சேஓவும் மறுபிறவி எடுத்துப் பின்னால் வரும் கீஹாவும் சுஜினியும் யார், ஏன் ஒரே மன்னனைச் சுற்றி வருகிறார்கள் என்பதற்கு விதை முழுக்க இங்கேதான், நடிகைகளும் அவர்களேதான். இதை ஓட்டிவிட்டால் கீஹா வெறும் வில்லியாகத் தெரிவாள்.

*

இன்னொரு பார்வையாளர்: எனக்கு நேர் எதிர் அனுபவம். நான் முதலில் பார்த்தது 2006இன் 'ஜுமோங்', கொகுர்யோவை நிறுவியவரின் கதை. பழங்கதைப்படி ஜுமோங் முட்டையிலிருந்து பிறந்தவர், அப்பா ஹேமோசு தேவகுமாரன். தொடரில் முட்டையும் கிடையாது, தேவலோகமும் கிடையாது. சீனாவின் ஹான் அரசுப் படையின் இரும்புக் கவசக் குதிரைவீரர்களை எதிர்த்துப் போராடும் படைத்தலைவன் ஹேமோசு, அடிபட்டுக் கிடக்கும்போது ஜுமோங்கின் அம்மாவாகப் போகிற யூஹ்வா காப்பாற்றுகிறாள். நாயகன் பிறக்கவே இல்லை, முதல் எபிசோடு முடிந்துவிட்டது! ஆனாலும் 81 எபிசோடுக்கும் என்னை உட்கார வைத்தது அந்த அப்பா பாத்திரம்தான். தெய்வத்தை மனிதனாக்கிக் காட்டுவதுதான் எனக்குப் பிடிக்கிறது, 'தி லெஜண்ட்' மாதிரி நெருப்புப் பறவை விடுவது எனக்கு ஒத்துவரவில்லை.

*

மூன்றாமவர்: மேலே சொன்ன குவாங்கேத்தோ கல்வெட்டைப் பற்றி ஒரு விஷயம். அசல் கல் இப்போது சீனாவின் ஜிலின் மாகாணத்தில் ஜியான் என்ற ஊரில் இருக்கிறது. நான் பார்த்தது சியோல் போர் நினைவகத்தில் நிற்கும் நகலைத்தான். ஆறு மீட்டருக்கும் மேல் உயரம், பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, நாலு பக்கமும் சீன எழுத்து. நிறுத்தியவர் குவாங்கேத்தோவின் மகன் ஜாங்சு, வருடம் 414. அதிலும் முதலில் வருவது போர்க்கணக்கு இல்லை. வானதேவன் மகன் முட்டையை உடைத்துக்கொண்டு வந்தான், ஆற்றைக் கடக்க ஆமைகள் மிதந்து வழி கொடுத்தன என்று ஜுமோங் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மன்னனிடமே வருகிறார்கள். 'தி லெஜண்ட்' புராணத்தில் ஆரம்பித்ததைக் குறை சொல்வதென்றால் ஜாங்சுவையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என் குறை வேறு: கல்வெட்டில் இருக்கும் ஆமைக் கதையை விட்டுவிட்டுக் கரடி-புலிக் கதைக்கு ஏன் போனார்கள்? ஆமைகள் மேல் ஆற்றைக் கடக்கும் காட்சியை அந்தச் செலவில் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!