24 வோல்ட் லேண்ட் ரோவரில் 12 வோல்ட் வின்ச்

கேள்வி: பிரிட்டன் ராணுவம் கழித்துவிட்ட என் லேண்ட் ரோவரில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. கையிலுள்ள 12 வோல்ட் வின்ச்சை (வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் மின்கருவி) அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் இயக்கலாமா?

பதில் 1: இயங்கும், ஆனால் கூடாது. முழுச் சுமையில் வின்ச் 400 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும் என்பதால் அந்த ஒரு பேட்டரி மட்டும் வடிந்துவிட, ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழலும் மின்னாக்கி) பேட்டரிகள் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தைச் செலுத்தும்போது மற்றது அளவுக்கு மீறி மின்னேற்றம் பெற்றுக் கெடும்.

கேட்டவர்: மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர் உதவாதா?

பதில் 2: முப்பது ஆம்பியர் கன்வெர்ட்டர் வின்ச்சுக்கு எம்மாத்திரம்? தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்து, அதை 24-லிருந்து 12-க்கு இறக்கும் சார்ஜரால் நிரப்பலாம். நானாக இருந்தால் மோட்டாரையே 24 வோல்ட்டுக்கு மாற்றுவேன். அதே இழுவைக்கு மின்னோட்டம் ஏறத்தாழப் பாதியாகும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்சான சொலினாய்டையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையேல் அதன் சுருள் கருகிவிடும்.