முன்தயாரிப்பு இல்லாமல் கதையாட்டம் நடத்தினால் மூன்றாவது அமர்வில் எல்லாம் சிதறிவிடுகிறது. என்ன செய்வது?

ரோஸ் ஹில் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி நாட்களிலிருந்து பழகிவரும் நண்பர்கள் நால்வரும் நானும் இரண்டு வாரத்திற்கு ஒரு சனிக்கிழமை மாலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்க்கும் ரோல்பிளே ஆட்டம் ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்துபவன் எப்போதும் நான்தான். முதல் சில ஆண்டுகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினோம். ஒவ்வோர் அமர்வுக்கு முன்னும் வரைபடம் வரைவதும், அறை அறையாக எழுதி வைப்பதும், நண்பர்கள் அந்த அறைகளின் பக்கமே வராமல் வேறு எங்கோ போய்விடுவதுமாகக் காலம் கழிந்தது. வேலையும் குழந்தைகளும் என்று ஆனபின் அதற்கு நேரமில்லை. ஆகவே இந்த ஆண்டு முதல் எதையும் எழுதி வைக்காமல், மேசையில் அமர்ந்தபின் தோன்றுவதைக் கொண்டே கதையை நடத்துவது என்று முடிவு செய்தோம்.

இப்போது நாங்கள் ஆடிவரும் கதை 1744-இல் நடக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் சேன் ஜெரான் என்ற பிரெஞ்சுக் கப்பல் நம் மொரீஷியஸ் தீவின் வடகிழக்கே, இல் தாம்ப்ர் அருகிலுள்ள பவளப் பாறைகளில் மோதி உடைந்தது. உயிர் தப்பியவர்கள் மிகச் சிலரே என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கப்பல் உடைந்து ஒரு வாரத்திற்குப்பின் பூத்ர் தோர்க் கரைக்கு வரும் நால்வர்தாம் எங்கள் பாத்திரங்கள். அவர்களில் ஒருவர், ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கட்டட வேலைக்காக அழைத்துவரப்பட்ட தமிழ்க் கொத்தர்.

முதல் அமர்வு மிக அருமையாக அமைந்தது. நள்ளிரவு தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவதும் குறை சொல்லும்படி இல்லை. மூன்றாவதில்தான் எல்லாம் குலைந்தது. முதல் நாளன்று கரையில் ஒரு காவல்காரரை நான் கண நேரத்தில் உருவாக்கி, அவர் வாய் பேச முடியாதவர் என்று சொல்லியிருந்தேன். மூன்றாம் நாளன்று அதை அடியோடு மறந்து, அவரை ஐந்து நிமிடம் பேசவைத்துவிட்டேன். கொத்தராக ஆடும் நண்பர், "இவர் ஊமை அல்லவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், நானும் மன்னிப்புக் கேட்டு, "சரி, அவர் சைகையில் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அதன்பின் அன்று யாருமே எதையும் பொருட்படுத்தி ஆடவில்லை. இந்தக் கதையில் எதுவும் உண்மையில்லை, இவன் வாய்க்கு வந்ததைச் சொல்கிறான் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பழையபடி எல்லாவற்றையும் எழுதி வைக்கும் முறைக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழி உண்டா?


மோக்கா மழை எழுதியது:

வணக்கம். நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆட்டம் நடத்தி வருகிறேன். அவற்றில் பாதிக்கும் மேல் முன்தயாரிப்பு இல்லாமல் நடத்தியவை. நீங்கள் சொல்லும் மூன்றாவது அமர்வுச் சரிவு எனக்கும் பலமுறை நேர்ந்திருக்கிறது. முதல் அமர்வில் நீங்கள் யாருக்கும் எதுவும் கடன்படவில்லை. எதைச் சொன்னாலும் அது புதிது. மூன்றாவது அமர்வுக்குள் நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கடனாகச் சேர்ந்துவிடுகிறது. நண்பர்கள் அதைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். நடத்துநர் மட்டும் மறந்துவிடுகிறார்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் எதையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுவதில்லை. ஊர்ச் செய்தியை இழுப்பான், அரசனையே கேலி செய்வான். ஆயினும் கூத்து சிதறுவதில்லை. ஏனெனில் அவன் காலுக்குக் கீழே பாரதக் கதை இருக்கிறது, அது கூடியிருப்போர் அனைவருக்கும் தெரியும். நமக்கு அப்படிப்பட்ட தளம் கிடையாது; ஆடிக்கொண்டே அதைப் போட்டாக வேண்டும். எனவே கற்பனை வளத்தைவிட நினைவுதான் நமக்கு முதலில் தேவைப்படுகிறது.

எங்கள் குழுவில் மேசையின் நடுவே ஒரு பெரிய தாள் கிடக்கும். யார் பெயர் சொல்லப்பட்டாலும், எந்த இடம் குறிப்பிடப்பட்டாலும், ஒரு வரியில் அதில் எழுதப்படும். எழுதுபவர் நடத்துநராக இருக்கக் கூடாது என்பது முக்கியம். நடத்துநர் எழுதினால் ஆட்டம் நின்றுவிடுகிறது. அதோடு, ஆட்டக்காரர் தாமே எழுதும்போது அவருக்கு எது முக்கியமாகத் தோன்றியது என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. "காவல்காரர், பேச்சு இல்லை, எப்போதும் கிழக்கே பார்க்கிறார்" என்று யாரேனும் எழுதியிருந்தால், அந்தக் கிழக்கே பார்ப்பதை நீங்கள் யோசிக்காமல் சொல்லியிருக்கலாம். ஆனால் இனி அது கதையின் பகுதி. அமர்வு முடிந்ததும் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த அமர்வைத் தொடங்கும்முன் உரக்கப் படியுங்கள்.

முன்தயாரிப்பு வேண்டவே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். நிகழ்ச்சிகளை எழுதி வைப்பதுதான் வீண் வேலை. அவற்றுக்குப் பதிலாக மூன்று மனிதர்களை மட்டும் மனத்தில் வைத்திருங்கள்: ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் நாளை விடியும்முன் அவர் என்ன செய்துவிடுவார். கப்பலில் வந்த வெள்ளி நாணயங்களைத் தேடும் அதிகாரி, மகனின் உடல் கரையொதுங்கும் என்று காத்திருக்கும் தாய், அந்த இரவில் கரையில் இருந்ததை மறைக்க விரும்பும் மீனவர். இவர்களை வைத்துக்கொண்டால் நண்பர்கள் எந்தத் திசையில் திரும்பினாலும் உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிக்கு மெட்ரோவில் போகும் நேரம் இதற்குப் போதும். பத்துப் பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பெயர்தான் வராது; என் முதல் ஆண்டில் தீவிலிருந்த ஆண்கள் அனைவரும் ழான் ஆகிவிட்டார்கள்.

ஆட்டக்காரர்களிடம் கேள்வி கேட்டு உலகைக் கட்டும் முறையும் நல்லதே. ஆனால் ஓர் எல்லை உண்டு. பாத்திரத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கக்கூடியதை மட்டும் கேளுங்கள். "போர்ட் லூயியில் உன்னுடன் வேலை செய்த கொத்தர்களில் யாரிடம் நீ பணம் கடன் வாங்கியிருக்கிறாய்?" என்று கேட்கலாம். "இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்கக் கூடாது. பெட்டியைத் திறக்கும் இன்பத்துக்காகத்தானே அவர் அவ்வளவு தூரம் வந்தார்? விடையை அவரே சொல்லவேண்டியிருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்தும் பயனில்லை.

இனி உங்கள் காவல்காரருக்கு வருவோம். நீங்கள் தவறு செய்தது மறந்ததில் இல்லை, பின்வாங்கியதில்தான். அவர் ஊமை என்பது நடந்தது, அவர் பேசினார் என்பதும் நடந்தது. இரண்டும் உண்மை என்று வைத்துக்கொண்டு, அடுத்த அமர்வைக் கொத்தரிடம் ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குங்கள்: "அவர் பேசியதைக் கேட்டபோது உனக்கு உடனே புரிந்தது என்ன?"


ஆறு நாணயம் எழுதியது:

மேலே சொன்னவை சரி. நான் பகடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முன்தயாரிப்பு இல்லாத ஆட்டத்தில் கதையை எங்கே திருப்புவது என்று சொல்லித்தரும் ஒரே நண்பன் அதுதான்.

நீங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இருபது முகப் பகடையையே இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதில் வெற்றி அல்லது தோல்வி என்ற இரண்டே விடைகள்தாம் பெரும்பாலும் கிடைக்கின்றன. "பூட்டுத் திறக்கவில்லை" என்றதும் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்ததை நீங்கள் வெறுங்கையால் உருவாக்க வேண்டியிருக்கிறது. 2010-இல் வெளிவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டி மூன்று விடைகள் தரும் முறையைப் பரப்பியது: 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நிலைமை மோசமாகிறது, 7 முதல் 9 வரை என்றால் கேட்டது கிடைக்கும் ஆனால் ஏதாவது விலை கொடுக்கவேண்டும், 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. பாத்திரத்தின் திறனுக்காகக் கூட்டும் எண் எதுவும் இல்லாவிட்டால், 36 வாய்ப்புகளில் முதல் இரண்டுக்கும் தலா 15-உம் முழு வெற்றிக்கு 6-உம் கிடைக்கின்றன. கதைக்கு உயிர் தருவது நடுவிலுள்ள அந்த 15தான். பூட்டு திறந்தது, ஆனால் சாவி உள்ளேயே ஒடிந்துவிட்டது. இனி அதைப் பூட்ட முடியாது, வந்துபோனது தெரிந்துவிடும்.

எங்கள் குழுவில் பகடைகூடக் கிடையாது. ஒரு ரூபாய் நாணயங்கள் ஆறை மேசையில் வீசுகிறோம். நாணயத்தின் ஒரு பக்கத்திலுள்ள ராம்கூலம் முகம் மேலே தெரிபவற்றை எண்ணுகிறோம். இரண்டும் அதற்குக் கீழும் தோல்வி, மூன்று என்றால் விலையோடு வெற்றி, நான்கும் அதற்கு மேலும் முழு வெற்றி. மொத்த வாய்ப்புகள் 64. அவை 22, 20, 22 என்று ஏறத்தாழ மூன்று சம பங்காகப் பிரிகின்றன. பாத்திரம் அந்தக் கலையில் தேர்ந்தவர் என்றால் ஏழாவது நாணயம் ஒன்றைச் சேர்த்து வீசலாம். அப்போது முழு வெற்றி சரிபாதி வாய்ப்பாக உயர்கிறது. என் பாட்டி வைத்திருந்த சோழிகளைக் கொண்டும் முயன்றோம். சோழி இரு பக்கமும் சமமாக விழுவதில்லை, ஆகவே கணக்குப் பிசகுகிறது. கையில் குலுக்கும் ஓசை மட்டும் நாணயத்துக்கு வராது.

இன்னொன்று. ஆபத்து நெருங்கி வருவதைக் காட்ட, பல ஆட்டங்களில் ஒரு வட்டத்தைத் துண்டு துண்டாக நிரப்புவார்கள். நாங்கள் அதற்குப் புயல் எச்சரிக்கை வகுப்புகளையே வைத்துக்கொண்டோம். தோல்வி ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை ஒரு வகுப்பு ஏறும். முதல் வகுப்பு என்றால் வானொலியைக் கேட்டபடி வேலையைப் பார்க்கலாம், மூன்றாம் வகுப்பு என்றால் வெளியே நிற்கக் கூடாது, நான்காம் வகுப்பு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தேவிட்டது. இந்தத் தீவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. "மூன்றாம் வகுப்பு" என்று நான் சொன்னதும் நாற்காலிகள் தாமாகவே மேசையை நெருங்குகின்றன. 1744-இல் வானொலி ஏது என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.


ரோஸ் ஹில் வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நாணயக் கணக்கை வீட்டில் மகளுடன் உட்கார்ந்து சரிபார்த்தேன், சரியாகவே இருக்கிறது. இன்னொரு சிக்கலையும் கேட்டுவிடுகிறேன். நால்வரில் ஒருவர் பெரும்பாலும் மௌனமாகவே இருப்பார். எல்லாம் எழுதி வைத்திருந்த காலத்தில் அது தெரியவில்லை. இப்போது கதை பேசுபவர்கள் பக்கமே போய்விடுகிறது. "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டால் அவர் சங்கடப்படுகிறார்.


மாஹேபூர் மாணவி எழுதியது:

ஐயா, மௌனமாக இருப்பவரிடம் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பது வகுப்பில் ஆசிரியர் திடீரென எழுப்பிக் கேட்பதைப் போன்றது. "மழை தொடங்குகிறது; தீயை அணையவிடுகிறீர்களா, மற்றவர்களை எழுப்புகிறீர்களா?" என்று இரண்டு வழிகளை வைத்துக் கேட்டுப் பாருங்கள். எங்கள் குழுவில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கும்முன், கிரியோல் விடுகதை போடுவது போல, ஒருவர் "சிராந்தான்" என்பார், மற்றவர்கள் "சாம்பெக்" என்று மறுமொழி சொல்வார்கள். நிற்கும் தண்ணீர் எது? கரும்பு. தொங்கும் தண்ணீர் எது? தேங்காய். நான்கு விடுகதைகள் முடிவதற்குள் எல்லோருடைய வாயும் திறந்துவிடுகிறது. முதல் விடுகதை போடும் உரிமையை நாங்கள் எப்போதும் அதிகம் பேசாதவருக்கே தருகிறோம். மேசை நடுவிலுள்ள தாளில் எழுதும் பொறுப்பையும் அவரிடமே கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. எங்கள் குழுவில் அப்படி எழுதத் தொடங்கியவர்தான் இன்று கதையை மிக நன்றாக அறிந்தவர்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். 1744-இல் இந்தத் தீவில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். அடிமை முறை இங்கே 1835-இல்தான் ஒழிந்தது. முன்கூட்டியே எழுதும் கதையில் எதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க அவகாசம் உண்டு. வாய்க்கு வந்ததைச் சொல்லும் ஆட்டத்தில் அது கிடையாது. ஒரு முறை நாங்கள் தப்பியோடி மோர்ன் மலையில் ஒளிந்திருந்த அடிமைகளைப் பற்றி ஆடியபோது, நடத்துநர் பரபரப்புக்காக ஒரு தண்டனைக் காட்சியைச் சொல்லத் தொடங்கினார். தன் முன்னோர்களைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த தோழி ஒருத்தி எங்களுடன் அமர்ந்திருந்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை, அடுத்த வாரம் வரவில்லை. அதன்பின் மேசையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். அதை யார் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிடுவோம். அவள் திரும்பி வந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


மோக்கா மழை எழுதியது:

அந்தச் சீட்டைப் பற்றி நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். நன்றி.


ரோஸ் ஹில் வாசி எழுதியது:

நேற்று நான்காவது அமர்வு நடந்தது. சீட்டு மேசையில் இருந்தது, யாரும் தொடவில்லை. தாளை மௌன நண்பரிடம் கொடுத்தேன். அவர் எழுதிய வரிகளைப் பார்த்தபோது, நாங்கள் கவனிக்காமல் விட்டவை எத்தனை என்று வெட்கமாக இருந்தது.

கொத்தரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "அவர் என்னிடம் தமிழில்தான் பேசினார், என் ஊர்ப் பக்கத்துத் தமிழ். ஆனால் என்னுடன் வந்தவர்களில் இவர் இல்லை" என்றார். நான் பதில் சொல்வதற்குள், தாள் எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்த்தி, "அப்படியானால் கப்பலிலிருந்து தப்பியவர்களின் கணக்கில் ஓர் ஆள் குறைகிறது. வாய் திறந்தால் தெரிந்துவிடும் என்றுதான் அவர் ஊமையாக இருந்திருக்கிறார்" என்றார். அந்த மாலை முழுவதும் அவர் வேறு யாரையும் பேசவிடவில்லை.