கடலூரிலிருந்து உலகப் பல்கலைக்கழக ஸ்குவாஷ் போட்டிக்கு எப்படிப் போவது?

மஞ்சக்குப்பம் அண்ணன்:
வணக்கம் நண்பர்களே. என் தங்கை புதுச்சேரியில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், தினமும் கடலூரிலிருந்து பஸ். பள்ளி நாட்களில் பெரியம்மா வீட்டில் தங்கி சென்னையில் ஆறு வருடம் ஸ்குவாஷ் ஆடினாள், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் எல்லோரும் ஊருக்கே வந்துவிட்டோம். 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா ஹாங்காங்கை 3-0 என்று ஜெயித்ததை இருவரும் போய்ப் பார்த்தோம். அன்று ராத்திரி திரும்பி வரும்போது பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அப்புறம் "அண்ணா, நான் மறுபடி ஆடணும்" என்றாள். மாணவர்களுக்கென்று சர்வதேசப் போட்டி இருக்கிறதாமே, அதற்கு எங்கே விண்ணப்பிப்பது? பக்கத்தில் ஆட இடமில்லாமல் எப்படிப் பயிற்சி எடுப்பது?

காலாப்பட்டு கரையோரம்:
தம்பி, முதலில் ஒன்று. அந்தப் போட்டிக்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. அதை நடத்துவது ஃபிசு என்கிற சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பு, இரட்டைப்படை ஆண்டுகளில் வரும். 2018-ல் பர்மிங்காமில் நடந்தது, 2024-ல் ஜோகன்னஸ்பர்க்கில். இந்திய அணியை அனுப்புவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். அதனால் உங்கள் தங்கை முதலில் பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்து, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடி, அவர்கள் கண்ணில் பட வேண்டும். கல்லூரி பி.டி. சாரிடமோ மேடத்திடமோ போய், "ஸ்குவாஷ் செலக்‌ஷன் எப்போது, எங்கள் கல்லூரியிலிருந்து பெயர் அனுப்புவீர்களா" என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். கபடிக்கும் வாலிபாலுக்கும் நோட்டீஸ் போர்டில் தானாகவே வந்துவிடும், ஸ்குவாஷுக்கு யாராவது கேட்டால்தான் வரும். நான் படித்த காலத்தில் கேட்காமல் ஒரு வருடத்தைக் கோட்டைவிட்டேன், இன்னும் அந்த வருத்தம் போகவில்லை. கேட்பதை எழுத்திலும் கொடுங்கள்.

இரு பிள்ளைகளின் அம்மா:
படிப்பையும் கவனிக்க வேண்டும் தம்பி. வயது 25-ஐத் தாண்டக் கூடாது, படித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முந்தைய ஆண்டுதான் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் இருக்கிற பெண்ணுக்கு நேரம் இருக்கிறது. பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். என் மகனுக்கு (அவன் ஆடியது டேபிள் டென்னிஸ்) மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் என்று ஆகி, கடைசி வாரத்தில் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. செலவுக்கு, 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கிறது, கடலூர் முகவரி இருப்பதால் கேட்டுப் பாருங்கள்.

பின்சுவர்:
இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன் சகோ. கோர்ட் 32 அடி நீளம், 21 அடி அகலம். மொட்டை மாடியில் சாக்பீஸால் அதை அப்படியே வரையுங்கள், முன்சுவர் இருக்க வேண்டிய கோட்டிலிருந்து 18 அடியில் குறுக்கே ஒரு கோடு, அதன் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் நாங்கள் 'டி' என்கிற இடம். அங்கிருந்து ஆறு பக்கமும் (முன் மூலை இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, பின் மூலை இரண்டு) ஓடி, பந்தில்லாமலே ஷாட் அடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் 'டி'க்குத் திரும்ப வேண்டும். காலை ஐந்தரைக்கே ஆரம்பியுங்கள், நம் ஊர்க் கடல் காற்றில் ஏழு மணிக்கெல்லாம் ராக்கெட் பிடி வியர்வையில் வழுக்கும். ஆடி நாளாகிவிட்டால் முதலில் போவது கை இல்லை, கால்தான், இது அதைத் திருப்பித் தரும். ஆனால் பந்தை உணர நிஜக் கோர்ட் வேண்டும். போட்டிகளில் ஆடுகிற இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்தைக் குளிர்ந்திருக்கும்போது கீழே போட்டால் செத்த மாதிரி கிடக்கும். இரண்டு பேரும் சில நிமிடம் ஓங்கி அடித்த பிறகு கையில் எடுத்தால் சுடும், உள்ளே காற்று சூடாகி அப்போதுதான் எழும்பும். மாடிச் சுவரில் அது வராது, அதைவிட எளிதாக எழும்புகிற ஒற்றை மஞ்சள் புள்ளிப் பந்து கொஞ்சம் பரவாயில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது சென்னைக்கு அழைத்துப் போய் தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்களுடன் ஆட விடுங்கள்.

மஞ்சக்குப்பம் அண்ணன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் மாடியை அளந்தேன், நீளம் சரியாக இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருப்பதால் அகலம் 18 அடிதான் வருகிறது. திங்கட்கிழமை கடிதத்தோடு பி.டி. மேடத்தைப் பார்க்கிறாள். பின்சுவர் அண்ணா, 18 அடி போதுமா?

பின்சுவர்:
போதும். தொட்டி இருக்கிற பக்கம் ஓர் அடி தள்ளியே நிற்கச் சொல்லுங்கள், ராக்கெட் போய் இடித்துவிடப் போகிறது.