இஎஸ்பி32 டீப் ஸ்லீப்பில் நேரம் தப்புகிறது: டிஎஸ்3231 கடிகாரச் சிப்பின் 32 கிலோஹெர்ட்ஸ் வெளியீட்டை நேரடியாகக் கொடுக்கலாமா?

வணக்கம். வயலில் இருக்கும் மண் ஈரப்பத லாக்கர்கள் (அளவைப் பதிவு செய்யும் கருவிகள்), இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரில் ஓடுபவை. எஸ்என்டிபி-யில் (இணையம் வழியாக நேரம் வாங்கும் முறை) நேரம் சரியாக வருகிறது, டீப் ஸ்லீப் (மின்சாரம் மிச்சப்படுத்த சிப் பெரும்பாலும் அணைந்திருக்கும் நிலை) போய் எழுந்தால் தப்பிவிடுகிறது.

போர்டு இஎஸ்பி32-வ்ரூம்-32இ, ஐடிஎஃப் (இஎஸ்பி32-க்கான மென்பொருள் தொகுப்பு) 5.1, ஒரே ஒரு 18650 செல். 15 நிமிட ஸ்லீப். வைஃபை நாளுக்கு ஒருமுறைதான். எழும்போதெல்லாம் சிங்க் செய்தால் செல் தாங்காது. காலையில் ஒரு ஸ்லீப்புக்கு 1 நொடி போல் பிசகும், வெயில் ஏறிப் பெட்டி கொதிக்கும்போது 3, 4 நொடி. காரணம் தெரிந்ததுதான்: ஸ்லீப்பில் நேரம் எண்ணுவது சிப்புக்கு உள்ளே இருக்கும் 150 கிலோஹெர்ட்ஸ் ஆர்சி ஆசிலேட்டர் (ரெசிஸ்டர், கெப்பாசிட்டரால் துடிப்பு உண்டாக்கும் சுற்று, சூட்டுக்கு வேகம் மாறும்). பூட் ஆகும்போது காலிப்ரேட் ஆகிறது. ஸ்லீப்பில் சூடு மாறினால் அந்தக் கணக்கு செல்லாது.

சிப்புக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கிளாக்கான 8.5 மெகாஹெர்ட்ஸ்/256-க்கு மாற்றினேன். பிசகு குறைந்தது, போகவில்லை. பிறகு ஜிபிஐஓ 32, 33 கால்களில் (32கே_எக்ஸ்பி, 32கே_எக்ஸ்என்) 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அது ஓடினால் அருமை. ஆனால் சில போர்டுகளில் கிளம்பவே மாட்டேன் என்கிறது. பூட் லாக்கில் கிரிஸ்டல் கிடைக்கவில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு, சத்தமில்லாமல் 150-க்குத் திரும்பிவிடுகிறது. லோடு கெப்பாசிட்டர் மாற்றம், குறுக்கே 10 மெகாஓம், மென்யுகான்ஃபிக்கில் (ஐடிஎஃப்-இன் அமைப்பு மெனு) கூடுதல் கரன்ட், ஃப்ளக்ஸைக் கழுவியது எல்லாம் ஆயிற்று.

மிச்சம் இருப்பது டிஎஸ்3231. அதன் 32 கிலோஹெர்ட்ஸ் கால் ஓப்பன் டிரெயின் (கீழே மட்டும் இழுக்கும், மேலே இழுக்க புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும்). அதை புல்-அப் போட்டு 32கே_எக்ஸ்என் காலுக்குக் கொடுத்து, 32கே_எக்ஸ்பி-யை 1 நானோஃபாரட் வழியாகக் கிரவுண்ட் செய்து, வெளி ஆசிலேட்டர் மோடில் ஓட்ட எண்ணம்.

இப்படி யாராவது களத்தில் ஓட்டியிருக்கிறீர்களா, புல்-அப் எத்தனை கிலோஓம் போட்டீர்கள்?